வீட்டுப்பாடத்தின் விடை யாருக்குச் சொந்தம்?

போன வாரம் சந்தா வசூலுக்காகப் பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறித் தொழிலாளியின் வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு மணி ஒன்பது. பன்னிரண்டு மணி நேரம் தறியில் நின்ற மனிதர் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார். எட்டாவது படிக்கும் மகள் செல்போனைப் பார்த்துக் கணக்கின் விடையை எழுதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் போனைத் தலையணைக்கடியில் ஒளித்தாள், எதையோ திருடிவிட்டவளைப் போல!

"பாத்து எழுதுனேன்னு தெரிஞ்சா டீச்சர் வைவாங்க மாமா" என்றாள்.

அது காரணிப்படுத்தும் கணக்கு. பத்தாவது தேறிய எனக்கே பிடிபடவில்லை. சிறு வயதிலேயே தறிக்கு வந்துவிட்ட தகப்பனாரை எழுப்பி அவள் என்ன கேட்பாள்?

இணையத்தில் விடைகள் கிடைப்பதால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், அதைத் தடுக்க வேண்டும் என்று படித்த கனவான்கள் சிலர் சொல்கிறார்கள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மாடிவீட்டுப் பிள்ளைக்கு விடை எங்கிருந்து வருகிறது? தகப்பனார் இஞ்சினீயர், அவருக்கு நேரமில்லாவிட்டால் டியூஷன் வாத்தியார். அதற்குப் பெயர் கவனிப்பு! கொல்லிமலை அடிவாரத்தில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் கூலிக்காரரின் பிள்ளை போனில் பார்த்தால் மட்டும் அது காப்பியா? தடை போட்டால் யார் வீட்டுக் கதவு மூடும் என்பதைத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோனார் நோட்ஸ் தலைமுறை தலைமுறையாகக் கடையில் விற்கிறது. காசு கொடுத்து வாங்கிய விடையால் யாரும் கெட்டதாகச் சொல்லவில்லை.

விடையை அப்படியே எழுதினால் கணக்கு வராது என்பதும் உண்மைதான். அதை நாமக்கல் வட்டாரத்துக்காரர்களுக்கு வெளியூர்க்காரர்கள் சொல்லித்தர வேண்டாம். கோழிப்பண்ணைக்குப் பேர்போன இந்த ஊரில்தான் விடுதிப் பள்ளிகளுக்கு 'பிராய்லர் பள்ளி' என்று பெயர் விழுந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைத்தார்கள். மாநில ரேங்க் வாங்கியதும் ஊரெங்கும் பேனர்! 2017-இல் சர்க்கார் ரேங்க் பட்டியலை நிறுத்தியது. 2017-18 முதல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்துப் பார்த்தது. 2025-26-இல் அதையும் கைவிட்டது. உருப்போட்ட விடைக்குப் பெருந்தொகை கட்டணம் வாங்கியவர்களை விட்டுவிட்டு, தலையணைக்கடியில் போனை ஒளிக்கும் சிறுமியையா மிரட்டுவது?

2018-இல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் கியூ.ஆர். கோடு போட்டார்கள், போனைக் காட்டினால் பாடத்தின் வீடியோ வருகிறது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. பாடத்தை வீட்டுக்கு அனுப்பிய சர்க்கார், பயிற்சிக் கணக்குகளின் விடைகளையும் படிப்படியான செய்முறையோடு தமிழில் இலவசமாகவே வைக்கட்டும். மறுநாள் உபாத்தியாயர் அதே மாதிரி வேறொரு கணக்கைக் கரும்பலகையில் கொடுத்துச் செய்யச் சொன்னால், யார் புரிந்து எழுதினார்கள் என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை ஐகோர்ட் 2018-இல் உத்தரவு போட்டது. நல்ல காரியம். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கோ, மாலை மணி அடித்த பிறகு பள்ளியிலேயே ஒரு மணி நேரம், சந்தேகம் கேட்க ஓர் உபாத்தியாயரோடு உட்கார இடம் வேண்டும். ஏனென்றால் அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள்: அடுத்த வாரம் அப்பாவுக்கு நைட் ஷிப்டு, போன் அவரோடு போய்விடும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் 2009-ஆம் வருஷச் சட்டப்படி முக்கால் பங்கு இடம் பெற்றோருக்கு. அடுத்த கூட்டத்துக்கு அரை நாள் கூலி போனாலும் போய், இந்த ஒரு மணி நேரத்தைத் தீர்மானமாக எழுதி வாங்கி வாருங்கள்.