பெயின்ட் கடைசியில்தான்

பழைய ஜீப்பை வாங்கிய மறுநாளே பெயின்ட் கடைக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மஹிந்திரா சிஜே3பி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டதா? முதலில் ஒரு காந்தத்தை எடுத்து பாடி முழுக்க ஒட்டிப் பாருங்கள். ஒட்டாமல் விழுகிற இடத்தில் இருப்பது தகரமல்ல, பட்டி. பெரும்பாலும் அதற்கடியில் துரு. அடுத்தது பிரேக். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே சுற்றுதான். எங்கோ ஒரு ஓஸ் வெடித்தால் நான்கும் போச்சு. போடிமெட்டு கொண்டை ஊசி வளைவில் அந்த நிலைமையை யோசித்துப் பாருங்கள்! ஓஸ், வீல் சிலிண்டர் ரப்பர் எல்லாவற்றையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அப்புறம் இன்ஜின். 1953இல் அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் இந்த மாடலைக் கொண்டுவந்தபோது, அதன் 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினின் உயரத்துக்காகத்தான் பானட்டையே தூக்கினார்கள். அந்த முகவெட்டே அதனால் வந்தது. அதைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றுவது சிக்கனமாக இருக்கலாம். என் கணக்கில் அது வேறு வண்டி. மாற்றியே தீருவேன் என்பவர்கள் ஆர்டிஓ அலுவலகம் போய் ஆர்சியிலும் மாற்றிக்கொள்ளுங்கள்.