பொய்யைத் தீர்ப்பவர் யார்?

பொய்ச் செய்தி நாட்டைக் கெடுக்கிறது. ஆகவே அதனைத் தடுக்கச் சட்டம் செய்தோம் என்கின்றனர். பொய் தீயது என்பதை நாம் மறுக்கவில்லை. 1958 இலும் 1983 இலும் வதந்தியே தீவட்டியாகி எமது வீடுகளை எரித்தது. பொய்யின் கொடுமையை எமக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. ஆயின், எது பொய் எனத் தீர்க்கும் கோலை எவர் கையிற் கொடுத்தார்கள்? அதுவே நமது வினா.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அக்கோலை ஐவர் கொண்ட ஓர் ஆணைக்குழுவின் கையிற் கொடுத்தது. அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் அவர்களை நியமிப்பவர் ஜனாதிபதி. தேசிய பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம், பொது ஒழுங்கு ஆகியவற்றுக்கு அச்சுறுத்தலாகப் பொய்க் கூற்றை வெளியிட்டவருக்கு ஐந்தாண்டு வரை சிறை, அல்லது ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டம். இலங்கைக்கு வெளியே இருந்து எழுதியவருக்கும் இது பொருந்தும். கனடாவிலிருக்கும் உமது மைந்தனும் இதற்குள் அடக்கம்!

தெரிந்தே சொன்ன பொய்தானே குற்றம், நல்லெண்ணத்துடன் சொன்ன அபிப்பிராயம் குற்றமன்றே எனச் சட்டம் கற்றோர் சிலர் எம்மைக் கேட்கின்றனர். ஏட்டிலே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமற் சொன்னாரா என்பது வழக்கு விசாரணையிலே வெளிப்படுவது. ஆணைக்குழுவின் அறிவித்தலோ அதற்கு முன்னரே வந்துவிடும். 24 மணித்தியாலத்துள் எழுதியதை அகற்ற வேண்டும். முதலில் வாயைக் கட்டி, நியாயத்தைப் பின்னர் பேசச் சொல்லும் முறை இது.

கமக்காரருக்கு இதில் என்ன என்று எண்ண வேண்டாம். 2021 இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே மூச்சில் நிறுத்தினார்கள். விளைச்சல் வீழும் என்று வன்னியிலும் மட்டக்களப்பிலும் வயலில் நின்றவன் சொன்னான். குறையாது என்று கொழும்பிலே கதிரையில் இருந்தவர் சொன்னார். அவ்வாண்டு நவம்பரில் தடையைத் தளர்த்த நேர்ந்தது, பெரும்போகமோ படுத்துவிட்டது. அன்று இவ்வாணைக்குழு இருந்திருப்பின் எவருடைய கூற்றைப் பொய்யென்று எழுதியிருக்கும்?

வைத்தியர்களும் கேளுங்கள். சபாநாயகர் இச்சட்டத்திற் கையெழுத்திட்டது 2024 பெப்ரவரி 1ஆம் நாள். மறுநாளே, முன்னர் சுகாதார அமைச்சராயிருந்தவர் தரமற்ற மருந்துக் கொள்வனவுக் குற்றச்சாட்டிலே கைது செய்யப்பட்டார். பொதுச் சுகாதாரத்துக்கு அச்சுறுத்தல் எப்பக்கமிருந்து வருகிறது?

சட்டம் பிறந்த விதமும் அழகு! 31 வாசகங்களைத் திருத்தாவிடின் விசேட பெரும்பான்மை வேண்டும் என உயர் நீதிமன்றம் 2023 இல் தீர்மானித்தது. 108 பேர் ஆதரித்தும் 62 பேர் எதிர்த்தும் வாக்களிக்கச் சட்டமூலம் நிறைவேறியது. சொன்ன திருத்தங்கள் முற்றாகச் செய்யப்படவில்லை எனக் காட்டிச் சட்டத்தரணி சுமந்திரன் மீண்டும் நீதிமன்றம் சென்றார். சபாநாயகர் சான்றுப்படுத்திய சட்டத்தை எந்த நீதிமன்றும் வினவலாகாது என்கிறது அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரை; மனு தள்ளுபடியாயிற்று. சபாநாயகர்மீது வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானமும் 42 வாக்குகளால் தோற்றது. திருத்தங்களுக்கோ அந்தப் பெப்ரவரியிலேயே அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. மை காயுமுன் திருத்தவேண்டிய சட்டத்துக்கு அத்தனை அவசரம் ஏன்?

வெளிநாடுகளிலே பதிப்புரிமைக்காக இணையப் பக்கங்களை அகற்றவில்லையா என்பது மற்றொரு வாதம். இவ்வுவமை அவர்களுக்கே பாதகம். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்திலே, பதிவை இழந்தவர் எதிர் அறிவித்தல் கொடுக்கலாம்; முறைப்பாட்டாளர் குறித்த காலத்துள் வழக்குத் தொடுக்காவிடின் பதிவு மீளும். அதனையும் தாண்டி, முழுத் தளங்களையே அடைக்க 2011 இல் அங்கு கொண்டுவந்த சட்டமூலங்கள், 2012 ஜனவரி 18 இல் ஆங்கில விக்கிப்பீடியா ஒரு நாள் கதவடைக்கும் அளவுக்கு எழுந்த எதிர்ப்பிலே கைவிடப்பட்டன. எமது நாட்டிலும், 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி தடையுத்தரவு வேண்டும் நூலாசிரியர் நீதிமன்றத்திலே தம் உரிமையை நிறுவுதல் வேண்டும். சொத்துக்கு ஒரு நியாயம், சொல்லுக்கு வேறொரு நியாயமா? (ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு வரை நீளும் பதிப்புரிமை, 2005 முதல் எமது பழைய ஏடுகளை இணையத்திற் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தாருக்குத் தரும் சங்கடம் வேறொரு நாட் பேச்சு.)

இது தமிழருக்கு மட்டும் வந்த கேடன்று. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் சர்வதேச மனித உரிமை உடன்படிக்கையின் பெயரையே தாங்கியது. அதன்கீழ் 2019 இல் மறியலுக்குச் சென்றவர் சிறுகதை எழுதிய சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார. ஆயினும் முதலடி எங்கே விழும் என்பதை நாம் அறிவோம். 1981 இல் யாழ் நூலகத்தோடு ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. 2007 இல் தமிழ்நெற் தளத்தை இலங்கையில் முடக்கினர். அவற்றுக்கு இத்தகைய சட்டங்கூடத் தேவைப்படவில்லை.

திருத்தமன்று, நீக்கமே நமது கோரிக்கை. வாக்குக் கேட்டு வருபவர் எக்கட்சியினராயினும் வாசலிலேயே இதனைக் கேளுங்கள். இதற்கிடையில் எவருக்கேனும் ஆணைக்குழுவின் அறிவித்தல் வருமாயின், அது கிடைத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு அன்றைக்கே ஒரு சட்டத்தரணியிடம் கொண்டு செல்லுங்கள். எழுதியதை அழிக்குமுன் பிரதி ஒன்று எடுத்து வையுங்கள்.