வால்-மொறான் போனால் சீனி இறங்குமா?

எங்கட சனத்திடம் இப்போது ஒரு புதுக் கதை அடிபடுகிறது. "உடம்பைக் கொஞ்சம் பாக்கவேணும், அதுதான் ரிக்கற் போட்டிருக்கிறன்." முன்பு ஊருக்குப் போவதென்றால் கலியாணவீடு, செத்தவீடு, நல்லூர்த் திருவிழா என்று ஒரு காரணம் இருக்கும். இப்போது கேரளாவில் எண்ணெய்க் குளியலுக்கு மூன்று கிழமை, பேருவளைப் பக்கம் ஆயுர்வேதத்துக்குப் பதினாலு நாள், அதுவும் கட்டாதென்றால் பக்கத்திலே எங்கேயாவது யோகா முகாம். இதைப் பகிடி பண்ண நான் எழுதவில்லை. ஐம்பது தாண்டிய ஆக்கள் தங்கள் உடம்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதே பெரிய விசயம். என்னுடைய கேள்வி ஒன்றுதான். போய்விட்டு வந்த பிறகு என்ன நடக்கிறது?

இந்தக் கேள்வி எனக்குச் சும்மா வரவில்லை. நான் மொன்றியலுக்கு வந்த புதிதில் பார்க் எக்ஸ்ரென்சனில் இரண்டு அறை வீட்டில் ஏழு பேர் இருந்தோம். ஸாபனெல் பக்கத்துத் தையல் தொழிற்சாலைகளில் சிலர், நகரத்து றெஸ்ரோறன்களில் கோப்பை கழுவுகிறவர்கள் சிலர். விடிய இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்து, ஒரு சட்டி வெள்ளைச் சோறும் கோழிக்கறியும் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுப்போம். இளவயது, எல்லாம் செமித்தது. அந்த ஏழு பேரில் ஒருவர் ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பில் போய்விட்டார். இன்னொருவர் கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸ் செய்கிறார். மிச்சம் ஐந்து பேரில் நால்வருக்குச் சீனி வருத்தம். எங்களைக் கொண்டுபோக ஷெல் வரத் தேவையில்லை, சோற்றுச் சட்டியே போதும் என்று டயலிசிஸ்காரர் ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் உடம்பின் கணக்கும் கொஞ்சம் வேறு. தெற்காசிய உடம்பு வெள்ளைக்காரரை விடக் குறைந்த எடையிலேயே, குறைந்த வயதிலேயே நீரிழிவுக்குள் விழுகிறது. பொதுவாக உடல் நிறைச் சுட்டெண் 25 தாண்டினால்தான் எடை கூட என்பார்கள். ஆசியர்களுக்கு 23 இலேயே கவனிக்கத் தொடங்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொல்லிவிட்டது. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. பார்வைக்கு மெலிந்தவர், வயிறு மட்டும் சின்னதாக முன்னுக்கு என்றால், அவர்தான் முதலில் இரத்தம் சோதிக்க வேண்டியவர்.

சரி, பயணத்துக்கு வருவோம். மொன்றியலில் இருக்கிற எங்களுக்கு ஆகக் கிட்டிய "சுகப் பயணம்" வால்-மொறான்தான். 15 ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே கிட்டத்தட்ட 80 கிலோமீற்றர், லோறன்ரியன் மலைக்குள் ஒரு சின்ன ஊர். அங்கே சிவானந்த யோக ஆச்சிரமம் இருக்கிறது. சுவாமி விஷ்ணுதேவானந்தா 1959 இல் மொன்றியலில் யோகா நிலையம் தொடங்கி, 1960களின் தொடக்கத்தில் இந்த முகாமை அமைத்தார். அவருடைய குரு சிவானந்தர் எங்கட ஆள்தான்: 1887 இல் திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் பிறந்த தமிழர், மலாயாவில் வைத்தியராக வேலை செய்துவிட்டு றிஷிகேசம் போனவர். பத்தமடைத் தமிழரின் பெயரில் இருக்கும் இடத்துக்கு நியூயோர்க்கிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வெள்ளைக்காரர் காசு கட்டி வருகிறார்கள்.

வெள்ளைக்காரர் அங்கே போய் என்ன செய்கிறார்கள்? விடிய ஐந்தரைக்கு எழும்புகிறார்கள். தியானம், ஆசனம், பத்து மணியளவில் ஒரு சாப்பாடு, பின்னேரம் திரும்பவும் ஆசனம், ஆறு மணிக்கு இரண்டாவது சாப்பாடு, பத்து மணிக்குப் படுக்கை. மச்சம் இல்லை, முட்டை இல்லை, கோப்பி இல்லை, வெங்காயம் உள்ளியும் இல்லை. இந்தப் பட்டியலை உங்கள் அம்மம்மாவிடம் வாசித்துக் காட்டினால், "இது கந்தசட்டி விரதம்தானே, இதுக்கு ஏன் காசு?" என்று கேட்பா. பேருவளையில் ஜேர்மன்காரருக்குக் காலையில் கொடுக்கும் இலைக்கஞ்சியும் அப்படித்தான். வல்லாரை, முருங்கையிலை, குரக்கன், சிவப்பரிசி எல்லாம் நாங்கள் "கஷ்டகாலச் சாப்பாடு" என்று கைவிட்டவை.

எங்கட சனமும் வால்-மொறான் போகிறது. ஆச்சிரமத்துக் குன்றில் சுப்பிரமணிய ஐயப்பன் கோயில் இருக்கிறது. கோடையில் காவடி எடுக்க, பார்க்க, மொன்றியலில் இருந்து குடும்பம் குடும்பமாகப் போவோம். விரதம் பிடிப்போம், வெறுங்காலோடு நடப்போம். அடுத்த நாள் "விரதம் முடிஞ்சுது" என்று ஆட்டிறைச்சிக் கறியும் ரோல்ஸும். ஒரே குன்றுக்கு இரண்டு சாதிப் பயணிகள் வருகிறார்கள். அவர்கள் யோகாவையும் சாப்பாட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள். நாங்கள் விபூதியைக் கொண்டு வருகிறோம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். விஷ்ணுதேவானந்தா 1993 இல் காலமானார். 2019 இல் அவரிடம் உதவியாளராக இருந்த பெண் ஒருவர் அவர்மீது பாலியல் துஷ்பிரயோகக் குற்றச்சாட்டை வெளிப்படையாக வைத்தார், பிறகு வேறு பெண்களும் பேசினார்கள். ஆகவே ஆச்சிரமம் என்றவுடன் கண்ணை மூடிக் காலில் விழத் தேவையில்லை. ஆறு மணிக்கு இராச்சாப்பாட்டை முடிக்க ஒரு குருவும் தேவையில்லை.

வால்-மொறானுக்குக் கொஞ்சம் வடக்கே சென்-அகாத் என்ற ஊர். அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காசநோய்க்காரருக்குச் சனற்றோரியம் கட்டினார்கள். மருந்து இல்லாத காலம். மலைக்காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு இவைதான் வைத்தியம். அப்போது மொன்றியல் தையல் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களில் கனபேர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்த யூதர்கள். மொன்றியல் யூத சமூகம் தங்கள் ஆட்களுக்காக அந்த மலையில் மவுன்ற் சைனாய் என்று ஒரு சனற்றோரியத்தை நடத்தியது. அதே தையல் வேலைக்குப் பிறகு வந்தவர்கள் நாங்கள். அவர்களுக்குக் காசம், எங்களுக்குச் சீனி. ஆனால் அவர்கள் அதைத் தங்கள் சமூகத்தின் நோயாகப் பார்த்தார்கள். நாங்கள் அவரவர் வீட்டு இரகசியமாக வைத்திருக்கிறோம். கலியாணவீட்டில் ஊசி போடக் கழிவறைக்குள் ஒளிக்கிறோம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. காசநோய்க்காரர் மலையில் மாதக்கணக்கில் இருந்தார்கள். எங்களுடைய நோய் குசினியில் இருக்கிறது. பதினாலு நாள் வெளியில் போய்விட்டு வந்தால் அது வாசலில் காத்துக்கொண்டிருக்கும்.

இதற்கு ஆதாரம் சென்னையில் இருக்கிறது. வைத்தியர் ஏ. இராமச்சந்திரன் குழு, நீரிழிவு வருவதற்கு முந்திய நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து 2006 இல் முடிவை வெளியிட்டது. வழமையான பொது ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 வீதமானோருக்கு நீரிழிவு வந்தது. நாளுக்கு அரை மணித்தியாலம் நடக்கவும் சாப்பாட்டைத் திருத்தவும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டவர்களில் 39 வீதம். மெற்போமின் குளிசைக்கும் ஏறக்குறைய அதே அளவு பலன்தான் கிடைத்தது. 2002 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் எடை குறைத்து, கிழமைக்கு 150 நிமிடம் நடந்தவர்களுக்கு ஆபத்து 58 வீதம் குறைந்தது. இந்த இரண்டு ஆய்விலும் ஒருவரையும் மலைக்கோ கடற்கரைக்கோ அனுப்பவில்லை. தங்கள் தெருவில் நடந்தார்கள், தங்கள் குசினியில் சாப்பிட்டார்கள். மறுபக்கம், 2016 இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு விடுமுறை போய்வந்தவர்களை நிறுத்துப் பார்த்தது. ஏறிய எடை சராசரியாக அரைக் கிலோவுக்கும் குறைவு. ஆனால் ஆறு கிழமைக்குப் பிறகும் அது இறங்கவில்லை. வருடத்துக்கு இரண்டு விடுமுறை என்றால் பத்து வருடத்தில் என்னவாகும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

அப்ப பயணம் வீணா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். பயணம் ஒரு வேலையைச் செய்யும்: "என்னால ஏலாது" என்ற கதையை உடைக்கும். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை, முப்பது வருடமாக இரவு பத்தரைக்குச் சாப்பிட்டவர், மகளின் ஆக்கினையால் ஒரு கிழமை யோகா முகாமுக்குப் போனார். ஆசனம் ஒன்றும் சரிவரவில்லை, முழங்கால் மடியவில்லை. ஆனால் ஆறு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் செத்துப்போக மாட்டேன் என்று கண்டுபிடித்தார். அந்த ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கும் ஏழு மணிக்குப் பிறகு அவர் வாயில் தண்ணீரைத் தவிர ஒன்றும் போவதில்லை.

எங்கட பெண்களுக்கு இது இன்னும் பெரிய விசயம். அதே முகாமுக்குப் போய்வந்த ஒரு அக்காவிடம் என்ன பிடித்தது என்று கேட்டேன். "தம்பி, கலியாணம் கட்டின பிறகு ஏழு நாள் ஆரோ சமைச்சு நான் இருந்து சாப்பிட்டது இதுதான் முதல்தரம்" என்றா. யோசித்துப் பாருங்கள். நாங்கள் குடும்பமாக "ஹொலிடே" போனாலும் றைஸ் குக்கரைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறோம். அவவுக்கு அது விடுமுறையா, குசினி இடமாற்றமா?

எங்களுடைய வழமையான பயணங்கள் எல்லாம் சாப்பாட்டுப் பயணங்கள். ஐந்தரை மணித்தியாலம் கார் ஓடி ரொறன்ரோ போனால் இரண்டு நாளில் ஆறு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் "சாப்பிடாமப் போறியளோ?" வேண்டாம் என்றால் கோபம், மூன்று வருடத்துக்குக் கதையில்லை. இதில் போகிறவரை மட்டும் திருத்திப் பிரயோசனமில்லை, வரவேற்கிறவரும் மாறவேண்டும். விருந்தாளி வருமுன் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேளுங்கள்: "சீனி, பிரஷர் ஏதும் இருக்கோ?" பத்துக் கறிக்குப் பதிலாகச் சிவப்பரிசிச் சோறு அளவாக, இரண்டு மரக்கறி, ஒரு கீரை, மீன். சாப்பிட்டபின் சோபாவில் விழாமல் எல்லாரும் சேர்ந்து ஒரு இருபது நிமிடம் நடை. அன்பு இதிலும் குறையாது.

ஊருக்குப் போகிறவர்களுக்குச் சில விசயங்கள். இன்சுலினைக் கைப்பைக்குள் வையுங்கள், விமானத்தின் அடியில் போகும் பெட்டிக்குள் வைத்தால் உறைந்து பழுதாகலாம். கோடையில் மொன்றியலுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று போகுமுன் வைத்தியரிடம் கேளுங்கள். நல்லூர் வீதியில் சுடுமணலில் வெறுங்காலோடு நிற்கும்போது கவனம். சீனியால் கால் உணர்ச்சி குறைந்தவருக்குச் சுட்டது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அந்தக் கொப்புளத்தில் தொடங்கி விரல் போனவர்கள் உண்டு. காலையில் அல்லது பொழுதுபட்ட பிறகு போங்கள், முருகன் கோபிக்க மாட்டார். "இஞ்ச ஒரு பரியாரியார் இருக்கிறார், எல்லாக் குளிசையையும் நிப்பாட்டச் சொல்லுறார்" என்றால் நிற்பாட்டாதீர்கள். 2004 இல் பொஸ்ரன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14 இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஏதோ ஒன்று இருந்தது. ஏற்கெனவே களைத்த சிறுநீரகத்துக்கு அதைக் கொடுக்க வேண்டாம். வல்லாரைச் சம்பலும் குரக்கன் புட்டும் தாராளமாகச் சாப்பிடுங்கள், புட்டை மட்டும் அளவோடு.

காசில்லாதவர்களுக்கும் சொல்கிறேன். 1876 இல் திறந்த மவுன்ற் றோயல் மலைக்கு ரிக்கற் இல்லை. கொட்-டெ-நேஜ் பக்கம் இருக்கும் எங்கட ஆக்களுக்கு வீட்டு வாசலிலேயே மலை. பார்க் எக்ஸ்ரென்சனில் இருந்து ஜோன்-ரலோன் சந்தைக்கு நடந்தே போய்க் கீரையும் கத்தரிக்காயும் வாங்கலாம். வால்-மொறான் ஊடாகவே பழைய ரயில்பாதை ஒன்று 200 கிலோமீற்றர் நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் போகிறது. காவடிக்குப் போகும் அன்றைக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போய் அதில் நடந்து பாருங்கள்.

நாங்கள் முதல் செய்த பயணம் உயிரைக் காப்பாற்றச் செய்தது. அப்படிக் காப்பாற்றிய உயிரை ஐம்பத்திரண்டில் விடுவது எனக்குச் சம்மதமில்லை. ஆகவே எங்கே வேண்டுமென்றாலும் போங்கள், கேரளாவோ பேருவளையோ வால்-மொறானோ. ஆனால் ரிக்கற் போடுமுன் ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள்: திரும்பி வந்து மூன்றாம் கிழமை, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, வேலையால் வந்து எத்தனை மணிக்கு, என்ன சாப்பிடப் போகிறேன்? அதற்குப் பதில் இருந்தால் போட்ட காசு வீண்போகாது.