வண்ணம் பூசவா இலக்கணம்?

நிரல் எழுதும் எடிட்டருக்கு அந்த மொழியின் இலக்கணத்தையே கற்றுக்கொடுக்கும் வசதி இன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்? வண்ணம் பூசுகிறோம். யானையை வாங்கி வாசலில் கட்டிவிட்டு, அது காதாட்டுவதை மட்டும் வேடிக்கை பார்ப்பது போல.

இன்றைக்குக் கொஞ்சம் சண்டைக் கட்டுரை. ஓய்வு பெற்றவனுக்குச் சண்டை போட நேரம் நிறைய உண்டு. கணினிப் பக்கம் போகாத நண்பர்களும் தைரியமாகப் படிக்கலாம். பள்ளியில் படித்த எழுவாய், பயனிலை நினைவிருந்தால் போதும்.

சாதாரண நோட்பேடுக்கு நிரல் என்பது எழுத்துகளின் வரிசை, அவ்வளவுதான். கடைக்கணக்கும் ஒன்று, காதல் கடிதமும் ஒன்று, பைத்தான் நிரலும் ஒன்று. அதற்கு அடுத்த படியில் உள்ளவை வண்ணம் காட்டும் எடிட்டர்கள். பெரும்பாலானவை பல வருடங்களாகச் செய்துவந்தது ரெகுலர் எக்ஸ்பிரஷன் வேலை: இந்தச் சொல் வந்தால் நீலம், மேற்கோள் குறிக்குள் இருந்தால் பச்சை, இப்படி. சொல்லின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் ஜோசியம். பல நேரம் பலிக்கும்.

பலிக்காத இடம் எது? "வேங்கை" என்று ஒரு சொல்லை மட்டும் கொடுத்தால் அது புலியா மரமா என்று யார் சொல்ல முடியும்? "வேங்கை பாய்ந்தது" என்றால் புலி. "வேங்கை பூத்தது" என்றால் மரம். வாக்கியத்தில் அது எங்கே நிற்கிறது, எதோடு சேர்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். நிரலிலும் அப்படியே. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சாய்கோடு வந்தால் அது வகுத்தல் குறியாக இருக்கலாம், ரெகுலர் எக்ஸ்பிரஷனின் தொடக்கமாகவும் இருக்கலாம். முன்னால் என்ன வந்தது என்று இலக்கணப்படி பார்க்காமல் முடிவு செய்ய முடியாது.

அந்த இலக்கணப் பார்வையைச் செய்வதுதான் பார்சர். நம் தமிழ் ஐயா கரும்பலகையில் வாக்கியத்தைப் பிரித்துக் காட்டியது போல, அது நிரலைப் பிரித்து ஒரு மரமாக வைக்கிறது. இது ஃபங்ஷன், இது அதன் உடல், உடலுக்குள் ஒரு நிபந்தனை, நிபந்தனைக்குள் ஓர் ஒப்பீடு. கிளையும் இலையுமாக எல்லாம் அதனதன் இடத்தில்.

இதில் என்ன பெரிய லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் அலுவலகத்தில் சம்பளக் கணக்கு கோபாலில் ஓடியது. முதல் ஆறு கட்டம் வரிசை எண்ணுக்கு, ஏழாவது கட்டம் குறிப்புக்கு, எட்டிலிருந்து எழுபத்திரண்டுக்குள் நிரல் என்று கட்டம் பார்த்து எழுத வேண்டிய மொழி. அன்றைய கோபாலில் ஒரு நிபந்தனையை முடிப்பது முற்றுப்புள்ளி. நிபந்தனையை முடிக்கவென்றே ஒரு தனிச்சொல் 1985 தரத்தில்தான் வந்தது. ஒரு மாதம் ஊழியர் எல்லோருக்கும் ஒரு பிடித்தம் விழுந்துவிட்டது. யாரோ எப்போதோ திருத்திய இடத்தில், இரண்டு வரிக்குப் பின் வரவேண்டிய புள்ளி ஒரு வரிக்குப் பின்னாலேயே வந்திருந்தது. இரண்டாவது வரி நிபந்தனைக்கு வெளியே போய்விட்டது. ஆனால் பார்வைக்கு அழகாக உள்ளே தள்ளித்தான் எழுதப்பட்டிருந்தது. பச்சைக் கோடு போட்ட மடிப்புத் தாளில் மூன்று பேர் பென்சிலோடு இரண்டு ராத்திரி உட்கார்ந்தோம்.

இலக்கணம் தெரிந்த எடிட்டர் என்ன செய்திருக்கும்? "இந்தப் பகுதியை ஒழுங்குபடுத்து" என்றதும் அந்த வரியை இழுத்து வெளியே நிறுத்தியிருக்கும். இரண்டு ராத்திரி வேலை இரண்டு விநாடியில். அதற்கு வண்ணமே தேவையில்லை. கறுப்பு வெள்ளையிலேயே தெரிந்திருக்கும்.

வண்ணத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. அது எல்லோருக்கும் ஒன்றல்ல. ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. கண்புரை வந்த என் வயதுக்காரர்களைக் கேளுங்கள். நீலம் மங்கி, எல்லாவற்றிலும் மஞ்சள் ஏறியிருக்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் நான் என் திரையைப் பார்த்தபோது, "இவ்வளவு நீலமா இங்கே இருந்தது!" என்றுதான் தோன்றியது. அதுவரை அந்த வண்ணம் எனக்கு என்ன சொல்லிக்கொண்டிருந்தது? ஒன்றுமில்லை.

பார்வையே இல்லாதவருக்கு? சிறுவயதில் பார்வை இழந்த கணினி அறிஞர் டி.வி. ராமன் 1995இல் ஈமாக்ஸ்பீக் என்ற மென்பொருளை வெளியிட்டார். ஈமாக்ஸ் எடிட்டரைப் பேசவைக்கும் மென்பொருள். கண்ணுள்ளவர்களுக்கு வண்ணமாகத் தெரிவதை அது குரலின் மாற்றமாக ஒலிக்கச் செய்கிறது. குறிப்புரைக்கு ஒரு குரல், மேற்கோளுக்குள் உள்ளதற்கு ஒரு குரல். பாடம் என்ன? மதிப்பு நீலத்தில் இல்லை. "இந்தச் சொல் இன்ன வேலை செய்கிறது" என்ற அறிவில் இருக்கிறது. அந்த அறிவு இருந்தால் அதை வண்ணமாகவும் காட்டலாம், குரலாகவும் காட்டலாம், ஒரு ஃபங்ஷனைத் தாண்டிக் குதிக்கும் விசையாகவும் ஆக்கலாம். நாம் முதலாவதோடு நின்றுவிட்டோம் என்பதுதான் என் புகார்.

இது புதிய கனவும் அல்ல. 1971இலேயே வில்ஃப்ரட் ஹேன்சன் எமிலி என்ற எடிட்டரை இந்த எண்ணத்தோடு செய்தார். பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைட்டல்பாமும் ரெப்ஸும் செய்த 'புரோகிராம் சிந்தசைசர்' பற்றிய கட்டுரை 1981இல் வந்தது. அதில் நிபந்தனை வேண்டுமென்றால் நீங்கள் எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டியதில்லை. கட்டளை கொடுத்தால் முழு அச்சும் வந்து விழும், நீங்கள் வெற்றிடத்தை நிரப்பலாம். அமைப்பில் தவறே வராது. ஆனால் இந்த வழி ஊரெல்லாம் பரவவில்லை. காரணம் ஊகிக்கக் கடினமில்லை. மனிதன் எழுதும்போது பாதி நேரம் தவறான வாக்கியத்தில்தான் இருக்கிறான். அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு யோசிக்கிறான். ஒரு வரியைப் பிய்த்து இன்னோர் இடத்தில் போட்டுவிட்டுப் பிறகு சரிசெய்கிறான். கையைப் பிடித்தே எழுதவைக்கும் வாத்தியாரிடம் எவ்வளவு நேரம் உட்காரலாம்?

இதற்கு நல்ல விடையாக வந்தது ட்ரீ-சிட்டர். கிட்ஹப்பில் ஆட்டம் எடிட்டருக்காக மாக்ஸ் பிரன்ஸ்ஃபெல்ட் உருவாக்கியது. இது கையைப் பிடிக்காது. பின்னால் நின்று பார்க்கும். நீங்கள் ஓர் எழுத்தை அடித்தால் முழுக் கோப்பையும் மறுபடி அலசாமல், மாறிய கிளையை மட்டும் திருத்திக்கொள்ளும். வாக்கியம் பாதியில் நின்றாலும் "இங்கே பிழை" என்று ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, மீதியைப் புரிந்துகொள்ள முயலும். ஆட்டம் எடிட்டர் 2022 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. ட்ரீ-சிட்டர் நியோவிம், ஈமாக்ஸ், ஹீலிக்ஸ் என்று பல வீடுகளில் குடியேறி நன்றாக இருக்கிறது.

ஈமாக்ஸுக்குள் இது 2023 ஜூலையில் வந்த 29ஆம் பதிப்பில் நுழைந்தது. அமைக்கும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில், உங்கள் ஈமாக்ஸ் இந்த வசதியோடு கட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, கணினியில் கிட்டும் சி கம்பைலரும் வேண்டும். மூன்றாவதாக, உங்கள் மொழிக்கான இலக்கணத்தின் முகவரியைக் கொடுத்து, நிறுவும் கட்டளையை ஓட்ட வேண்டும். அது இறக்கி, கம்பைல் செய்து, உரிய இடத்தில் வைக்கும். கடைசியாக, பைத்தான் கோப்பு திறந்தால் பழைய முறைக்குப் பதிலாக ட்ரீ-சிட்டர் முறையில் திற என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும்.

நாலு படிதான். ஆனால் மூன்றாவது படியில் வழுக்கும். இலக்கணம் புதியது, உங்கள் ட்ரீ-சிட்டர் பழையது என்றால், "பதிப்பு பொருந்தவில்லை" என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும். அதற்கு மருந்து, முகவரியோடு கொஞ்சம் பழைய பதிப்பின் பெயரையும் சேர்த்துக் கொடுப்பது. இது தெரியாமல் எத்தனை கல்லூரிப் பிள்ளைகள் அந்த இடத்தில் கைவிட்டிருப்பார்கள்!

இங்கே எடிட்டர் செய்பவர்களிடம் ஒரு சண்டை. "மூன்று வரிதானே, சேர்த்துக்கொள்" என்று சொல்லாதீர்கள். இலக்கணங்கள் தனித்தனித் திட்டங்கள், தனித்தனி ஆட்கள் பராமரிப்பவை, அதனால் ஒன்றாகக் கட்டித்தருவது சிரமம் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் ஹீலிக்ஸ் கட்டித்தருகிறதே. நிறுவியதும் இலக்கணங்கள் உள்ளேயே இருக்கின்றன. வீட்டைக் கட்டிக்கொடுத்துவிட்டு, கதவை மட்டும் தச்சரிடம் நீயே போய் வாங்கு என்பது விருந்தோம்பல் அல்ல.

பயன்படுத்துபவர்களிடம் அதைவிடப் பெரிய சண்டை. இவ்வளவு பாடுபட்டு நிறுவிவிட்டு என்ன செய்கிறார்கள்? ஈமாக்ஸில் வண்ண அளவு இயல்பாக மூன்றில் இருக்கும், உச்சம் நான்கு. அதை நான்காக்குகிறார்கள். படம் பிடித்து நண்பனுக்கு அனுப்புகிறார்கள். முடிந்தது. கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஏ அழுத்தினால் ஃபங்ஷனின் தலைக்குப் போகலாம், ஈ அழுத்தினால் காலுக்குப் போகலாம், எச் அழுத்தினால் முழு ஃபங்ஷனும் தேர்வாகும் என்று சொன்னால் "அப்படியா சார்?" என்கிறார்கள். இந்த விசைகள் ஈமாக்ஸில் பழையவைதான். முன்பு உள்தள்ளலையும் அடைப்புக்குறியையும் பார்த்து ஊகித்தன. இப்போது மரத்தைக் கேட்டுச் சொல்கின்றன. மரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? அதற்கும் ஒரு கட்டளை உண்டு. நிரல் ஒரு பக்கம், அதன் மரம் இன்னொரு பக்கம். முதல் வருட மாணவனுக்கு ஒரு மாதம் விளக்க வேண்டியதை அந்தத் திரை பத்து நிமிடத்தில் விளக்கும்.

"பெரிய ஐடிஇ போட்டால் இதெல்லாம் வருமே" என்பார்கள். வரட்டும், சந்தோஷம். விஎஸ் கோடு வைத்திருப்பவர்கள் ஷிஃப்டும் ஆல்ட்டும் பிடித்து வலது அம்புக்குறியைத் தட்டிப் பாருங்கள். தேர்வு படிப்படியாக விரியும். எத்தனை பேர் தட்டியிருக்கிறீர்கள்? கருவி எதுவாக இருந்தாலும் என் கேள்வி ஒன்றுதான்.

"இலக்கணம் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?" தெரியாது. ஒரு பெயர் வேறெந்தக் கோப்பில் பிறந்தது, அதன் வகை என்ன என்பது பொருளைப் பற்றிய கேள்வி. அதற்கு லாங்வேஜ் சர்வர் என்று வேறோர் ஆள் இருக்கிறார். இலக்கணம் பொருளைச் சொல்லாது. ஆனால் வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாதவன் பொருளைப் பற்றி எப்படிப் பேசுவான்?

கடைசியாக வரும் வாதம்: "ஏஐ எழுதித் தருகிறது சார், எடிட்டரை யார் சீண்டுகிறார்கள்?" நான் நேர்மாறாகச் சொல்கிறேன். நீங்களே எழுதிய காலத்தில் நிரலின் வடிவம் உங்கள் தலைக்குள் இருந்தது. இப்போது இருநூறு வரி ஒரே மூச்சில் வந்து விழுகிறது. வடிவம் உங்கள் தலையில் இல்லை. அதைப் படித்து, எது நிபந்தனைக்கு உள்ளே, எது வெளியே என்று பார்த்து, பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுவது நீங்கள். வரி வரியாக உருட்டிப் படிப்பவர் ஐம்பதாவது வரியில் தூங்கிவிடுவார். ஃபங்ஷன் ஃபங்ஷனாக மடித்து, திறந்து, தாண்டிப் படிப்பவர் தவறைப் பிடிப்பார். பிடித்தம் போனது ஊழியர்களின் சம்பளத்தில்தான், எடிட்டரின் சம்பளத்தில் அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே, கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களே, முதல் வகுப்பில் தீம் மாற்றச் சொல்லித்தராதீர்கள். ஃபங்ஷனின் தலைக்குப் போவது, காலுக்குப் போவது, முழுதாகத் தேர்ந்தெடுப்பது, மடிப்பது என்ற நாலை முதலில் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகளே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒதுக்கி அந்த நாலு படியையும் முடித்துவிடுங்கள். வண்ணம் தானாக வரும்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாக எழுதலாம். மவுஸால் இழுத்துத்தான் தேர்ந்தெடுப்பேன் என்பவர்களுக்கு மட்டும் பதில் தாமதமாக வரும்.