கோர்ஸ் பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள்



கலந்தாய்வு நேரம் வந்துவிட்டது. "சார், பையனுக்கு ஏஐ டேட்டா சயின்ஸ் எடுக்கலாமா, சைபர் செக்யூரிட்டி எடுக்கலாமா?" என்று தினமும் போன். என்னிடம் கணக்குப் படித்தவர்களே இன்று பெற்றோராகிக் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லித் தொண்டை வற்றியதால் இங்கே எழுதுகிறேன். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

நல்ல ஆசிரியர்கள் இருக்கும் கல்லூரியில் சாதாரண கம்ப்யூட்டர் சயின்ஸோ ஐடியோ ஈசிஇயோ கிடைக்கும்போது, அதை விட்டுவிட்டு, பெயரில் ஏஐ இருக்கிறது என்பதற்காக மேனேஜ்மென்ட் கோட்டாவில் லட்சங்களைக் கொட்டுவது முட்டாள்தனம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதில் முதல் செமஸ்டரில் இரண்டு பிள்ளைகளும் படித்தது அதே மேட்ரிக்ஸ், கால்குலஸ், இயற்பியல், வேதியியல், பைத்தான். பிறகு வந்த ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க் இரண்டு பக்கமும் இருந்தன. வித்தியாசம் சில பாடங்களில்தான். அந்தச் சில பாடங்களை நடத்த அங்கே ஆள் இருக்கிறாரா என்று யாராவது கேட்டீர்களா? ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பத்து கேள்வி கேட்கிறீர்கள்!

எது நான்கு வருடம் கழித்து ஓடும் என்று சொல்ல எவனாலும் முடியாது. 2022-ல் சேர்ந்த பிள்ளைகள் முதல் செமஸ்டரைத் தாண்டும் முன்பே, நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வந்து நின்றது. ஆனால் டேட்டாபேஸுக்கு அடிப்படையான ரிலேஷனல் மாடலை காட் என்பவர் எழுதியது 1970-ல். சி மொழி 1972. இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஏஐ ஏஐ என்கிறீர்களே, அதற்குள்ளே ஓடுவதும் மேட்ரிக்ஸும் நிகழ்தகவும்தான். ப்ளஸ் டூவில் "இது எதுக்கு சார் உதவும்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து கேட்டீர்களே, அதுவேதான்.

நானும் ஒரு தப்பு செய்தவன். 2001-ல் டாட்காம் கம்பெனிகள் சரிந்த நேரம். நல்ல கட்ஆஃப் வைத்திருந்த ஒரு பையனிடம், "கம்ப்யூட்டர் கதை முடிந்துவிட்டது, மெக்கானிக்கல் எடு" என்றேன். எடுத்தான். படித்து முடித்ததும் சாஃப்ட்வேர் கம்பெனியில்தான் வேலை கிடைத்தது. கேம்பஸில் எல்லாப் பிரிவிலிருந்தும் அள்ளிக்கொண்டு போன காலம் அது. கோடிங்கை வேலைக்குப் போய்த்தான் கற்றுக்கொண்டான். முதல் இரண்டு வருடம் ரொம்பச் சிரமப்பட்டான். தம்பி, இதைப் படித்தால் சிரித்துக்கொள்.

சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன் ஒருநாள் கல்லூரிக்குப் போங்கள். அட்மிஷன் ஆபீஸில் உட்காராதீர்கள், அங்கே காபியும் வண்ணப் புத்தகமும்தான் கிடைக்கும். கேன்டீன் பக்கம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பிடித்து, "நிகழ்தகவு நடத்துவது யார்? லேப்பில் நீங்களே புரோகிராம் எழுதுகிறீர்களா, ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுகிறீர்களா?" என்று கேளுங்கள்.

அதற்கும் பிறகு சந்தேகம் இருந்தால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இருப்பேன். ப்ளஸ் டூ கணக்குப் புத்தகத்தையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.