வலையமைப்பு அறிவு யாருக்கு?

கணினி வலையமைப்பு என்றதும், "அது பொறியியல் மாணவர்களின் காரியம்" என்று ஒதுங்கிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. வரலாறு பயிலும் நான் இவ்வழக்கத்தை ஏற்கவில்லை. நாள்தோறும் நாம் பேசுவதும் படிப்பதும் பணம் அனுப்புவதும் எதன் வழியாகவோ, அதன் அடிப்படையை அறியாதவன், அதைப் பற்றிய பொது விவாதங்களில் வாய் திறக்க வகையற்றவன் ஆகிறான். அடிப்படையோ மிகவும் எளியது.

பழைய தொலைபேசி முறையில், சென்னையிலும் தில்லியிலும் உள்ள இருவர் பேசினால், பேச்சு முடியும் வரை ஒரு தடம் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். இருவரும் மௌனமாக இருந்தாலும் அத்தடம் பிறருக்குக் கிடையாது. ஒரு கல்யாணக் கூட்டத்துக்காகத் தனி ரயில் விடுவதைப் போன்றது அது. 1960-களில் அமெரிக்காவில் பால் பேரனும், பிரிட்டனில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியே வேறொரு வழி கண்டனர். செய்தியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றின் மீதும் முகவரி எழுதி, கிடைத்த வழியில் அனுப்புவதே அது. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் அவரவர் அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏறுவதில்லையா? அது போல! இத்துண்டுக்குப் 'பாக்கெட்' என்று பெயர் சூட்டியவர் டேவிஸ். நாம் பொட்டலம் என்போம். ஒரு பொட்டலம் பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மேற்படாது. ஆகவே ஒரு புகைப்படம்கூட நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான பொட்டலங்களாகவே புறப்படுகிறது.

இங்கிருந்து நாம் ஊருக்குப் போகும் வழியில் நாகபுரி, விஜயவாடா என்று சந்திப்புகள் இருப்பது போல, பொட்டலத்தின் வழியிலும் சந்திப்புகள் உண்டு. அங்கே நிற்கும் கருவிக்கு ரவுட்டர் என்று பெயர். அது முகவரியைப் பார்க்கும், அடுத்த சந்திப்பு எது என்று தன் அட்டவணையில் தேடும், அனுப்பிவிடும். முழு வழியும் அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. நெரிசல் மிகுந்தால் பொட்டலத்தைக் கைவிடவும் செய்யும். காணாமற்போனதை மறுபடி அனுப்புவதும், முன்பின்னாக வந்தவற்றை வரிசைப்படுத்துவதும் இரு முனைகளிலும் உள்ள கணினிகளின் பொறுப்பு. வின்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974-இல் இதற்கு வழி வகுத்தனர். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட், 1983 ஜனவரி 1 அன்று அம்முறைக்கு மாறியது.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். இடைவழியில் நிற்பவன் "எங்கே போகிறாய்?" என்று மட்டும் கேட்கிறான், "மூட்டையில் என்ன? யாருடைய சரக்கு?" என்று கேட்பதில்லை. பெரும் கம்பெனியின் பொட்டலமும் நம் சங்க இதழின் பொட்டலமும் அவனுக்கு ஒன்றே. இதனாலன்றோ, ஒரு மாணவன் யாரிடமும் அனுமதி கேளாமல், தன் விடுதி அறையிலிருந்தே புதிய சேவை ஒன்றைத் தொடங்க முடிகிறது!

ஆனால் இது இயற்கை விதி அன்று. சரக்கின் தரத்தை அறிந்து, ஒருவனை விரைவாகவும் மற்றவனைத் தாமதமாகவும் விட வல்ல கருவிகள் உண்டு. 2015-இல், சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டம் நம் நாட்டில் பெரும் விவாதத்தை எழுப்பியது. எதுவுமே இல்லாத ஏழைக்குச் சிலவாவது கிடைக்கட்டுமே என்றார்கள். இரக்கமுள்ள வாதந்தான். ஆனால் அந்தச் சில எவை என்று தீர்மானிப்பவன் யார்? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பொறுத்து வெவ்வேறு கட்டணம் விதிக்கலாகாது என்று விதி செய்தது. நல்ல தீர்ப்பு என்பேன்.

வழக்கு அத்துடன் முடியவில்லை. போக்குவரத்தை மிகுவிக்கும் பெரிய சேவைகள் தனிப் பங்கு தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கேட்டுவருகின்றன. அச்சரக்கு நாம் கேட்டதனால் அல்லவா வருகிறது? அதற்குத்தானே நாம் கட்டணம் செலுத்துகிறோம்? இன்று பெரியவனிடம் கேட்கப்படும் சுங்கம், நாளை சிறியவனின் வாசலை அடைக்காது என்பதற்கு என்ன உறுதி?

நண்பர்களே! இக்கேள்விகளைப் பொறியியல் வல்லுநர் மட்டும் தீர்த்துவிட முடியாது. பொங்கல் விழாவுக்கும் நாடகத்துக்கும் நம் சங்கம் ஒதுக்கும் மாலைகளுள் ஒன்றை இதற்கும் ஒதுக்கட்டும். பொறியியல் பயிலும் நம் தோழர்கள் தமிழிலேயே விளக்கட்டும். கேள்வி கேட்க முதல் வரிசையில் நான் இருப்பேன்.