விரல் ஒன்று... மினுக்கம் இரண்டு!

மளிகை ஆப்பில் ஒரு கிலோ தக்காளி ஆர்டர் செய்கிறார் ஓர் இல்லத்தரசி. தக்காளிப் படம் போட்ட கட்டத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு '+' பட்டன். அதைத் தொட்டதும் பட்டன் மட்டுமல்ல, மொத்தக் கட்டமுமே மினுங்குகிறது. 'பட்டனில் பட்டதா, படத்தில் பட்டதா?' என்ற குழப்பத்தில் இன்னொரு தட்டு தட்டுகிறார். வீட்டுக்கு வந்து சேர்வதோ இரண்டு கிலோ!

தவறு அவருடையது அல்ல; ஆப்பை வடிவமைத்தவருடையது.

அங்கே தொடுவதற்கான இடங்கள் இரண்டு. கட்டத்தைத் தொட்டால் தக்காளியின் விவரம் திறக்கும். அதற்குள் இருக்கும் '+'ஐத் தொட்டால் கூடையில் சேரும். பிரச்னை என்னவென்றால், பட்டன் மேல் படும் விரல் கட்டத்தின் மேலும்தான் படுகிறது.

வெப்சைட்களில் கிளிக் என்பது உள்ளிருந்து வெளியே பரவும். தடுக்காவிட்டால் தக்காளி கூடையிலும் சேரும், விவரப் பக்கமும் திறக்கும். அதனால் புரோகிராமர்கள் கிளிக் பரவுவதை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால், அதோடு வேலை முடிவதில்லை. அழுத்தும்போது நிறம் மாற்றும் சி.எஸ்.எஸ். 'ஆக்டிவ்' நிலை, பட்டனுக்கு மட்டுமின்றி அதைச் சுமக்கும் கட்டத்துக்கும் பொருந்தும். கிளிக்கை நிறுத்தினாலும் இந்த மினுக்கம் நிற்காது!

இதற்கு எளிய வழி, பட்டனைக் கட்டத்தின் பிள்ளையாக வைக்காமல் உடன்பிறப்பாக வைப்பது. இரண்டையும் தனித்தனியாக எழுதி, பட்டனைக் கட்டத்தின் மேல் பொருத்திவிட்டால், தொட்டது மட்டுமே மினுங்கும்.

கண்ணுக்குத் தெரியாத மோதலும் உண்டு. ஆண்ட்ராய்டில் தொடும் இடம் குறைந்தது 48 டி.பி. அகலமும் உயரமும் இருக்க வேண்டும் என்கிறது கூகுளின் வழிகாட்டுதல். அதாவது, சுமார் 9 மில்லிமீட்டர். ஐகான் 24 டி.பி.தான் என்றாலும், அதைச் சுற்றிலும் தொடும் இடம் பரந்திருக்கும். இரண்டு ஐகான்களின் மையங்களுக்கு நடுவே 32 டி.பி. மட்டும் விட்டால், 16 டி.பி. இடம் இரண்டுக்கும் பொதுவாகிவிடும். பக்கத்துப் பக்கத்தில் 'திருத்து', 'அழி' ஐகான்கள் இருந்தால் என்ன ஆகும்? திருத்தப் போன முகவரி அழிந்தே போகலாம். மையங்களுக்கு நடுவே 48 டி.பி.யாவது விட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எந்த பட்டன் வேலை செய்யப்போகிறதோ, அது மட்டுமே விரலுக்குப் பதில் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால், தக்காளியும் ஒரு கிலோவோடு நிற்கும்!